காம்பொகொலோன்யோ எல்லையில் ஒரு போத்தல் ஸ்ஃபோர்சாத்தோ

பெர்னினா ரயிலைப் பற்றிப் போன மாதம் எழுதியதற்கு வந்த கேள்விகளில் பாதி ரயிலைப் பற்றியவை அல்ல. இத்தாலியின் திரானோவில் இறங்கினால் என்ன வைன் வாங்கலாம், அதை எதனுடன் சாப்பிடலாம் என்றுதான் பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரு வரியில் பதில் சொல்லலாம்: ஸ்ஃபோர்சாத்தோ வாங்குங்கள், மான் இறைச்சியுடன் சாப்பிடுங்கள். ஆனால் அந்த ஒரு வரியை நான் தெரிந்துகொண்ட பயணம் 1988 ஒக்டோபரின் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அன்றைக்கு நான் திரானோ வரை போகவில்லை. மூன்று கிலோமீற்றருக்கு முன்னால், சுவிஸின் கடைசி நிலையமான காம்பொகொலோன்யோவில் இறங்கிவிட்டேன். அதற்கு அப்பால் போக என்னிடம் பத்திரம் இல்லை.

அப்போது நான் ஓல்டனில் ஓர் உணவகத்தில் வேலை செய்தேன். கோப்பை கழுவுவது, கிழங்கு உரிப்பது, மாலையில் சலாட் தட்டு அடுக்குவது. அகதி விண்ணப்பம் போட்டு மூன்றரை வருடமாகியிருந்தது, முடிவு வரவில்லை. நாட்டைவிட்டு ஓர் அடி வெளியே வைத்தால் விண்ணப்பம் போய்விடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். என் மனைவி ரஞ்சினி மிலானோவில் இருந்தார். நாங்கள் 1984இல் கலியாணம் செய்தோம். ஆறு மாதம் சேர்ந்திருந்தோம். பிறகு நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டேன். அவர் எனக்குப் பின்னால் வெளிக்கிட்டு, கூட்டிவந்த ஏஜென்ற் இத்தாலியோடு கைவிட்டதால் மிலானோவில் ஒரு வயதான அம்மாவின் வீட்டில் தங்கி வேலைசெய்து, அங்கேயே வதிவிட அனுமதியும் எடுத்துவிட்டார். அந்த அனுமதியோடு சுவிஸுக்குள் வர விசா வேண்டும்; என் விண்ணப்பம் முடியும்வரை அது கிடைக்காது. ரயிலில் போனால் எங்களுக்கு இடையில் ஐந்து மணித்தியாலம்கூட இல்லை. ஞாயிறு தோறும் தொலைபேசிக் கூண்டில் நின்று பத்து நிமிடம் கதைப்பேன். அவ்வளவுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை.

எங்கள் உணவகத்தின் சமையல்காரர் ரென்சோ, திரானோவுக்குப் பக்கத்து மலைக்காரன். வருடத்தில் ஒன்பது மாத அனுமதியில் வேலைக்கு வருபவன். அந்த அனுமதியில் மனைவி பிள்ளைகளைக் கூட்டிவர முடியாது. அவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மார்கழியில் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு மறுபடி ஓல்டனுக்கு வருவான். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஜெர்மன் மட்டும்; அவன் சொன்னதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

இலையுதிர்காலம் வந்தால் இந்த நாட்டில் மான் இறைச்சிக்குக் காலம். ரென்சோ இறைச்சியை மூன்று நாள் சிவப்பு வைனில் ஊறப்போட்டு, வெங்காயமும் கராம்பும் கறுவாவும் சேர்த்து நாலு மணித்தியாலம் மெல்லிய நெருப்பில் விடுவான். ஒருநாள் அந்தச் சட்டியிலிருந்து ஒரு துண்டும், தன் தகப்பனார் வீட்டில் செய்த வைனில் அரைக் கோப்பையும் தந்தான். வைன் என்றால் புளித்த தண்ணீர் என்று நினைத்திருந்தவன் நான். இது வேறு. மூக்கில் உலர்ந்த செரிப்பழமும் கராம்பும் மணத்தது. வாயில் பாக்குச் சப்பியதுபோல் துவர்ப்பு. நெஞ்சுக்குள் இறங்கியபின்தான் சூடு தெரிந்தது.

"மெல்லக் குடி. அல்ககோல் பதினாலரை வீதம்," என்றான்.

ஸ்ஃபோர்சாத்தோவின் கதை இது. முந்திரிகையை, அதாவது திராட்சையை, பிடுங்கியவுடன் பிழிவதில்லை. காற்றோடும் மேல்மாடத்தில் நாணல் தட்டிகளில் பரப்பி, நத்தார்ப் பண்டிகை தாண்டும்வரை வாடவிடுகிறார்கள். பழம் சுருங்க, தண்ணீர் போய்ச் சாரம் மிஞ்சும். அதைப் பிழிந்து, புளிக்கவைத்து, இரண்டு வருடமாவது மரப்பீப்பாயில் வைக்கிறார்கள். ஸ்ஃபோர்சாத்தோ என்றால் வலிந்து செய்தது என்று பொருளாம். மெல்லிய சாப்பாட்டை இது விழுங்கிவிடும். மீனோடு வைத்தால் இரும்பு நக்கியதுபோல் இருக்கும்.

நான் ரஞ்சியின் கதையைச் சொன்னது அன்றைக்குத்தான். ரென்சோ கரண்டியைக் கீழே வைத்தான்.

"நீ அந்தப் பக்கம் போகேலாது. அவ இந்தப் பக்கம் வரேலாது. சரி, கோட்டில நிண்டு சாப்பிடுங்கோவன். என்ர தங்கச்சி பீயா திரானோவில இருக்கிறா. ஸ்டேசனில உன்ர மனிசியை ஏத்திக்கொண்டு வருவா. ஞாயிறும் திங்களும் எங்களுக்குப் பூட்டுத்தானே."

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும், முதலாளியிடம் கேட்டு ஒன்றரைக் கிலோ மான் இறைச்சி வாங்கி, நான் கறி வைத்தேன். ரென்சோ பக்கத்தில் நின்று மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்து ஒளித்துவைத்தான். உறைப்பும் இந்த வைனும் சேர்ந்தால் வாய் எரியும், இரண்டும் கெடும் என்பது அவன் கட்சி. சண்டை பிடித்துக் கடைசியில் அரைத் தேக்கரண்டிக்கு ஒப்புக்கொண்டான். மிச்சத்தை வறுத்த மிளகு, கொத்தமல்லி, பெருஞ்சீரகம், கறுவாவால் சரிக்கட்டினேன்.

ஞாயிறு காலை 5.50க்கு ஓல்டனில் ஏறினோம். சட்டியைத் துவாயாலும் பத்திரிகையாலும் சுற்றி என் மடியில் வைத்திருந்தேன். சூரிச்சில் மாறி, கூரில் இறங்கியபோது ஒன்பது மணி. கூரிலிருந்து மலைப்பாதைச் சிவப்பு ரயில். கூரிலிருந்து சமேடனுக்கு இரண்டு மணித்தியாலம். அங்கே மாறி பொன்ட்ரெசீனா, பிறகு பெர்னினா. ஓல்டனிலிருந்து ஏழேகால் மணித்தியாலம் என்று கணக்கு வையுங்கள். இப்போது ஒரு மணித்தியாலம் குறைவு.

எங்கடான் பள்ளத்தாக்கில் லார்ச் மரங்கள் மஞ்சளாகியிருந்தன. ஊசியிலை மரம் மஞ்சளாகி இலை உதிர்க்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பெட்டிக்குள் மெதுவாகக் கறி மணம் பரவியது. எதிரே இருந்த அம்மா இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினார். எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தேன். "மான்தானே?" என்று கேட்டுவிட்டுப் பின்னலைத் தொடர்ந்தார்.

ரயில் ஏறும் மிக உயர்ந்த இடம் ஒஸ்பீட்சியோ பெர்னினா, 2253 மீற்றர். அங்கே பனி விழுந்திருந்தது. அதிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்தில் ரயில் 1700 மீற்றர் கீழே இறங்குகிறது. பல்சக்கரம் எதுவும் இல்லை, சும்மா தண்டவாளம்தான். காது இரண்டு தரம் அடைத்தது. மேலே பனி, நடுவில் புல், கீழே புகையிலைத் தோட்டமும் கஸ்தான் கொட்டை மரமும்.

பொஸ்கியாவோ தாண்டியதும் ரென்சோ வலப்பக்க மலையைக் காட்டினான். இந்தப் பள்ளத்தாக்கு ஆட்கள் ஒரு காலத்தில் கோப்பியை மூட்டை கட்டி முதுகில் சுமந்து, இத்தாலிக்குள் ஒளித்துக் கொண்டுபோய் விற்றவர்கள். பீயாவின் கணவனும் இளவயதில் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்.

"அவனுக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும்," என்றான் ரென்சோ. பிறகு குரலைத் தாழ்த்தினான். "நேற்று அவனோட கதைச்சனான். உன்ர மனிசி ஓமெண்டால், பின்னேரம் இஞ்சாலப் பக்கம் கூட்டிக்கொண்டு மலை ஏறுவான். நாலு மணித்தியாலம். காலமை உன்னோட ஓல்டன் ரயிலில இருப்பா."

மூன்றரை வருடமாக இல்லாத ஒன்று, பின்னேரம் என்ற சொல்லோடு திடீரென்று பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. அதற்குப் பிறகு ரயில் புரூசியோவில் வட்டப் பாலத்தில் சுற்றி இறங்கியதாம். எல்லாரும் சன்னலுக்கு ஓடினார்களாம். நான் அதைப் பார்க்கவில்லை. ஓல்டனில் என் அறையில் இரண்டாவது தலையணை இல்லையே, திங்கள் கடை பூட்டே, எங்கே வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

காம்பொகொலோன்யோ, ஒரு மணி ஐந்து நிமிடம். நான் இறங்கினேன். ரென்சோ அதே ரயிலில் திரானோவுக்குப் போனான். அவனுடைய அனுமதிக்கு எல்லை இல்லை. நிலையத்திலிருந்து எல்லைக்குப் பெருந்தெரு வழியே பத்து நிமிட நடை. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் பாறை, நடுவில் சிவப்பும் வெள்ளையும் அடித்த தடிப் படலை. அதன் அந்தப் பக்கம் கொஞ்சத் தூரத்தில் இத்தாலிக்காரர்களின் காவலறை.

சுவிஸ் காவலர் மீசை நரைத்த மனிதர். என் அகதி அட்டையைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார்.

"இதுக்கு அங்கால போகேலாது, தெரியுமோ?"

"தெரியும். மனிசி வாறா. இஞ்சயே நிப்பன்."

"அதுக்குள்ள என்ன?"

"மான் கறி."

"இறைச்சியும் அங்கால போகேலாது," என்றார். பிறகு தெருவோரத்தில் இடுப்பளவு உயரத்தில் இருந்த கல்மதிலைக் கைகாட்டினார். அந்த மதில் படலையைத் தாண்டி இரண்டு பக்கமும் ஓடியது. "மூன்று மணிக்கு என்ர முறை முடியும். அதுவரைக்கும் மதிலில என்ன வைக்கினம் எண்டு நான் பாக்கிறதில்லை."

ஐம்பது நிமிடம் நின்றேன். இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் தாண்டி ஒரு சின்ன வெள்ளைக் கார் அந்தப் பக்கம் வந்து நின்றது. ரென்சோ இறங்கினான். பருத்த ஒரு பெண் இறங்கினார், அவர்தான் பீயா. மூன்றாவதாகச் சாம்பல் நிறக் கோட்டு, தோளோடு வெட்டிய தலைமயிர், கையில் துணியில் கட்டிய ஒரு பாத்திரம். இத்தாலிக்காரப் பெண் யாரோ என்று நினைத்து அவருக்குப் பின்னால் ரஞ்சியைத் தேடினேன்.

"இஞ்சாருங்கோ," என்றார் அந்தப் பெண். "என்னை விட்டிட்டு ஆரைப் பாக்கிறியள்?"

படலைக்கு மேலால் கையைப் பிடித்தேன். அவருடைய விரல்கள் சவர்க்காரத்தில் வெடித்திருந்தன. என்னுடையவையும் அப்படித்தான். ஒரு லொறி வர, காவலர் மெல்ல விசிலடித்தார். விலகி நின்று, லொறி போனபின் மறுபடியும் பிடித்தோம்.

பீயா மதிலில் ஒரு துணியை விரித்தார். ரஞ்சி சுமந்துவந்தது பீயா கொடுத்த பொலெந்தா. சோளமாவைச் செப்புக் கிடாரத்தில் ஒரு மணித்தியாலம் கிண்டி இறுக்கிய களி. இன்னும் ஆவி பறந்தது. பக்கத்தில் மலைப் பாலில் செய்து ஏழு வருடம் வைத்த பித்தோ பாற்கட்டி. மஞ்சளாக, நொருங்கும் பதத்தில். ரென்சோ போத்தலைக் காலையிலேயே திறக்கச்சொல்லித் தகப்பனாருக்குச் சொல்லியிருந்தான். திறந்து இரண்டு மணித்தியாலம் மூச்சு விடாவிட்டால் இந்த வைன் முகம் காட்டாது.

பொலெந்தாவின் மேல் கறியை ஊற்றி, ரஞ்சி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், மதிலில் சாய்ந்து சாப்பிட்டோம். ரஞ்சி ஒரு வாய் தின்று என்னைப் பார்த்தார்.

"உறைப்புக் காணாது."

"வைனுக்காகக் குறைச்சனான்."

"வைனுக்காகவோ? நாலு வரியத்துக்குப் பிறகு மனிசிக்குச் சமைச்சுக்கொண்டு வந்திட்டு, வைனுக்காக உறைப்பைக் குறைச்சவரோ?"

ரென்சோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை; ஆனாலும் அவன்தான் முதலில் சிரித்தான். ரஞ்சி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, மருந்து குடிப்பதுபோல் கண்ணை மூடி ஒரு மிடறு குடித்தார். முகம் சுளித்தார். பிறகு கறியில் ஒரு துண்டு. பிறகு இன்னொரு மிடறு. இப்போது கண்ணை மூடவில்லை.

"இறைச்சியோட நல்லாத்தான் கிடக்கு," என்றார். "தனியக் குடிக்கேலாது."

அது உண்மை. இறைச்சியின் கொழுப்பில் துவர்ப்பு அடங்கி, கராம்பும் கறுவாவும் வைனுக்குள்ளிருந்து வருகிறதா கறிக்குள்ளிருந்து வருகிறதா என்று தெரியாமல் கலந்தன. அந்த உப்புப் பாற்கட்டியோடு இன்னும் மிருதுவாக இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ போத்தல் குடித்துவிட்டேன். இதைவிடப் பொருத்தமாக எதுவும் அமையவில்லை.

ரென்சோவும் பீயாவும் காரடிக்குப் போனார்கள். மலை தாண்டி என்னோடு வரச்சொல்லி ரஞ்சியிடம் கேட்டேன். வழியைச் சொன்னேன், நாலு மணித்தியாலத்தைச் சொன்னேன், காலைக்கு ஓல்டன் என்று சொன்னேன். ரஞ்சி மலையை அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நான் வரேல்லை."

"பயமோ?"

"பயமில்லை. இதுவரைக்கும் ஒளிச்சுத்தானே வந்தனான். லொறிக்குள்ள படுத்து வந்தனான், ஆத்துக்குள்ளால நடந்து வந்தனான். மிலானோவிலதான் முதல்முதல் என்ர பேரில ஒரு காட் தந்திருக்கிறாங்கள். பொலிஸைக் கண்டால் நான் இப்ப றோட்டு மாறுறதில்லை. உங்கட அறைக்குள்ள வந்து திரும்பவும் ஒளிச்சிருக்கச் சொல்லுறியளோ?"

"ரஞ்சி, எவ்வளவு காலம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியாதுதான்." அவருடைய கண் நிறைந்தது, குரல் நடுங்கவில்லை. "முன்கதவால வாறன். நீங்கள் கதவைத் திறந்துவையுங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. இப்போது அதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது உண்மை. இன்னொரு முறை கேட்க வாயெடுத்தேன். காவலர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். நான் கேட்கவில்லை. சட்டியில் மிச்சமிருந்த கறியை அவருடைய பாத்திரத்தில் கொட்டினேன். இறைச்சி எல்லை தாண்டியது. காவலர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றுக்குக் கார் போய்விட்டது. சேர்ந்திருந்தது ஐம்பத்தைந்து நிமிடம்.

அன்றிரவு பொஸ்கியாவோவில் ஒரு விடுதியில் தங்கினேன். காலைச் சாப்பாட்டோடு முப்பத்தெட்டு பிராங். திங்கள் காலை திரானோவிலிருந்து வந்த ரயிலில் ரென்சோ இருந்தான். எனக்குத் துணை வந்ததால் அவனுக்கு மகள்மாரோடு ஓர் இரவு கிடைத்திருந்தது. சின்னவள் அவன் போகக்கூடாதென்று ஒரு சப்பாத்தை எடுத்து விறகுக்குள் ஒளித்துவிட்டாளாம். தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். சப்பாத்தில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

என் வதிவிட அனுமதி 1990 முடிவில் கிடைத்தது. அடுத்த மாசி மாதம், கடவுச்சீட்டில் விசா குத்தி, கியாசோ வழியாகப் பகல் ரயிலில் ரஞ்சி ஓல்டனில் வந்து இறங்கினார். எல்லையில் இரண்டு பொலிஸார் பார்த்து, கும்பிடாத குறையாகத் திருப்பிக் கொடுத்தார்களென்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். ரென்சோவுக்குக் கடைசிவரை குடும்பத்தைக் கூட்டிவர அனுமதி கிடைக்கவில்லை. மகள்மார் வளர்ந்தபின் ஊரோடு திரும்பிவிட்டான். நாலு வருடத்துக்கு முன்னர் போய்ச் சேர்ந்தான். அவனுடைய செத்தவீட்டுக்குத்தான் நாங்கள் கடைசியாக அந்தப் பாதையில் போனோம்.

இனிப் போகிறவர்களுக்கு. ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து கடைசிவரை போங்கள். லார்ச் மஞ்சளும் மான் இறைச்சியும் ஒன்றாகக் கிடைக்கும். தெற்கே போகும்போது வலப்பக்கச் சன்னல் நல்லது. கடவுச்சீட்டையோ வதிவிட அட்டையையோ மறக்க வேண்டாம். இன்றைக்கும் சிலவேளை பார்க்கிறார்கள். ஸ்ஃபோர்சாத்தோவைத் திரானோவில் வாங்குங்கள்; எட்டுப் பத்து வருடம் பழையதாய்க் கேளுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். இரண்டு மணித்தியாலம் முன்னரே திறந்துவையுங்கள். மான், மாட்டு வால், மெல்லிய நெருப்பில் வெந்த ஆட்டிறைச்சி, முற்றிய பாற்கட்டி எல்லாம் பொருந்தும். எங்கள் கறியோடு குடிக்க விரும்பினால் மிளகைக் கூட்டுங்கள், மிளகாயைக் குறையுங்கள். மீனும் இறாலும் வேண்டாம். இருவருக்கு ஒரு போத்தல் தாராளம்.

முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருக்கிறோம். ஆனாலும் அந்தப் படலைக்கு மேலால் பார்த்ததுபோல் ரஞ்சியை நான் பிறகு பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். இப்போது அவர் அடுத்த அறையில் இருந்தால் இருக்கிறார் என்று தெரியும், பார்ப்பதில்லை. கைவிட்டுப்போன அந்த இரண்டு வருடமும் நாலு மாதமும் இன்றைக்கும் எனக்குள் கிடக்கிறது. அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை.

இதை எழுதிமுடித்து நேற்றுப் பின்னேரம் வாசித்துக் காட்டினேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். மலையைப் பார்த்த இடம் வந்ததும் நிறுத்திக் கேட்டேன். "அண்டைக்கு நான் இன்னொருக்காக் கேட்டிருந்தால்?"

கத்தி நிற்கவில்லை.

"வந்திருப்பன்," என்றார். "நல்லகாலம், நீங்கள் கேக்கேல்லை."